அறையைக் காப்பாற்றத் தம்பியைக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா ஓர் உள்ளூராட்சி மன்றத்தில் 33 வருடங்களாக நகரசுத்தித் தொழிலாளி. தாத்தாவும் அதே வேலைதான். சபை தந்த லயன் அறையில் இருக்கிறோம். இன்னும் இரண்டு வருடங்களில் அப்பா ஓய்வு பெறுகிறார். ‘மகனை வேலைக்குப் போடு, இல்லாவிட்டால் அறையை விட வேண்டி வரும்’ என்று ஓவர்சியர் சொல்கிறார். தம்பிக்கு 20 வயது, உயர் தரம் முடித்துவிட்டான். ‘நிரந்தர வேலை, பென்சன் இருக்கிறது, போகட்டும்’ என்கிறார் அப்பா. தம்பி வாய் திறப்பதில்லை. அப்பாவை இப்போதும் மேன்ஹோலுக்குள் இறக்குகிறார்கள். இறங்குவதற்கு முன் குடித்துவிட்டுத்தான் இறங்குவார். அம்மா ஒரு மனிதவலு நிறுவனத்தின் கீழ் ஒன்பது வருடங்களாக வீதி கூட்டுகிறார். சேமலாப நிதி கட்டுகிறார்களா என்றே தெரியவில்லை. இந்தியாவில் இந்த வேலையைத் தடைசெய்ய ஒரு சட்டமும், இறந்தால் 30 இலட்சம் நட்டஈடும் இருக்கிறதாம். நமக்கு இல்லையா? இன்னொன்று, கடையில் நான் எங்கள் முகவரியைக் கொடுக்கவில்லை. பெரியம்மா வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறேன். அது பிழையா?
– பெயர் வேண்டாம், கொழும்பு வடக்கு

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தம்பியைப் பற்றிக் கேட்கத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ‘அப்பாவை இப்போதும் மேன்ஹோலுக்குள் இறக்குகிறார்கள்’ என்ற வரியைத் தாண்டி என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. அறை, வேலை, சேமலாப நிதி எல்லாம் அடுத்த மாதம் வரை பொறுக்கும். இது பொறுக்காது. ஆகவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

அடைபட்ட குழிக்குள் ஐதரசன் சல்பைட்டு என்ற வாயு சேர்கிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று அப்பா சொல்லியிருப்பார். கொஞ்சமாக இருக்கும்போதுதான் அது நாறும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். ‘இப்போது நாற்றம் இல்லை, இறங்கலாம்’ என்று நினைக்கிற அந்த நிமிடம்தான் ஆகக் கூடிய ஆபத்து. வாயு சேற்றுக்குள் அடைந்து கிடப்பதும் உண்டு. மேலே நிற்கும்போது ஒன்றும் தெரியாது, கீழே போய்க் கம்பியால் கிளறியவுடன் கிளம்பும். சிலர் தாளைக் கொளுத்திப் போட்டுப் பார்ப்பார்கள். குழியில் மெதேன் இருந்தால் அதுவே வெடிப்புக்குக் காரணமாகிவிடும். வாயில் கட்டும் துணியும் கடையில் வாங்கும் முகக்கவசமும் தூசைத் தடுக்கும், வாயுவைத் தடுக்கா. ஒட்சிசன் குறைந்த குழியில் எந்த முகக்கவசமும் ஒட்சிசனை உண்டாக்காது.

2018 ஏப்ரலில் ஹொரணைக்கு அருகே ஓர் இறப்பர் தொழிற்சாலையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். தொட்டிக்குள் விழுந்த ஒரு தொழிலாளியைக் காப்பாற்ற ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஐந்து உயிர்கள் போயின. உலகெங்கும் இந்தச் சாவுகள் இப்படித்தான் இரண்டு மூன்றாக நடக்கின்றன. கூட்டாளி விழுந்தால் பார்த்துக்கொண்டு நிற்க மனம் வராது. அப்பாவிடமும் அவருடைய கூட்டாளிகளிடமும் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: ஒருவர் விழுந்தால் இன்னொருவர் குதிக்கக் கூடாது. தீயணைப்புப் படைக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990. மேலே இடுப்பில் கயிறு கட்டி இழுக்க ஆள் இல்லாவிட்டால் இறங்கவே கூடாது.

அடைப்பை மேலே நின்றே எடுக்க இயந்திரங்கள் உண்டு. உறிஞ்சுவதற்குக் கலி பவுசர் என்ற தொட்டி வண்டி, அழுத்தத்தோடு நீரைப் பாய்ச்சும் குழாய் வண்டி. மனிதர் இறங்கியே தீர வேண்டிய அபூர்வ சந்தர்ப்பத்தில் வாயு அளக்கும் கருவி, காற்று ஊதும் விசிறி, சுவாசக் கருவி, தூக்கி எடுக்கும் பட்டி, மேலே நிற்கும் ஆட்கள் எல்லாம் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றேனும் அப்பாவுக்குத் தரப்படுகிறதா? கம்பூட்சும் கையுறையும்தான் தருகிறார்கள் என்று நினைக்கிறேன். எலிக்காய்ச்சலுக்கு அவை ஓரளவு உதவும். வாயுவுக்கு உதவா.

அப்பா தனியாக நின்று மறுத்தால் ‘கட்டளையை மீறினார்’ என்று எழுதிவிடுவார்கள். அவருடைய குழுவில் உள்ள எல்லோரும் சேர்ந்து ஒப்பமிட்டால் அது கோரிக்கை ஆகும். கடிதத்தை நீங்களே எழுதுங்கள், கணக்கு எழுதுகிற கை அல்லவா. இன்ன தேதியில், இன்ன வீதியில், இன்ன உபகரணம் இல்லாமல் இறக்கப்பட்டோம். இனி இயந்திரமும் வாயு அளக்கும் கருவியும் இல்லாமல் இறங்குவதற்கு எழுத்துமூலக் கட்டளை வேண்டும். இவ்வளவு போதும். ஆணையாளருக்கும் பிரதம மருத்துவ அதிகாரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தொழிற்சங்கத்துக்கு ஒரு பிரதி, மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு ஒரு பிரதி. என் அனுபவத்தில், ‘எழுத்தில் தாருங்கள்’ என்ற இரண்டு சொற்களைக் கேட்டவுடன் பல கட்டளைகள் திரும்பப் பெறப்படுகின்றன. மனிதனை வெறும் உடம்போடு குழிக்குள் இறக்கு என்று ஒப்பமிட்டு எழுத எந்த அதிகாரியும் துணியமாட்டார்.

குடியைப் பற்றி எழுதிய வரியை இரண்டு முறை வெட்டி எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டாம். குடிக்காமல் அந்தக் குழிக்குள் ஒரு காலை வைக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் ஏதாவது நடந்து விசாரணை வந்தால் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கிற ஆயுதம் ‘அவர் குடித்திருந்தார்’ என்பதுதான். அதை அப்பாவிடம் கோபமில்லாமல் சொல்லுங்கள். இறங்குவது நின்றால் குடியும் பாதி குறையும் என்று பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

இனி இந்தியச் சட்டம். நீங்கள் வாசித்தது சரி. 1993இல் உலர் கழிப்பறைகளையும் மனிதக் கழிவைக் கையால் அள்ளுவதையும் தடைசெய்து அங்கே ஒரு சட்டம் வந்தது. அது கிட்டத்தட்ட ஏட்டிலேயே கிடந்தது. 2013இல் மறுவாழ்வையும் சேர்த்து இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2014 மார்ச்சில், 1993க்குப் பின் சாக்கடைக்குள் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் கொடுக்க வேண்டும் என்று இந்திய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் அதை உச்ச நீதிமன்றம் என்பார்கள். 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு நகரங்களில் ஆளை இறக்குவதை நிறுத்தும்படியும் சொல்லிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. அதிகம் இறந்தவர்களைக் கொண்ட மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது.

ஏன் நிற்கவில்லை? 2013 சட்டம் பாதுகாப்புக் கருவியோடு இறங்குகிறவரைத் தடைசெய்யப்பட்ட வேலை செய்பவராக எண்ணவில்லை. அந்தச் சந்தின் வழியாக ஒப்பந்தக்காரர்கள் புகுந்தார்கள். மறுவாழ்வு என்று ஒரு தடவைக்கு 40,000 ரூபா கொடுத்தார்கள். கடனும் தையல் பயிற்சியும் கொடுத்தார்கள். இருந்த தெரு மாறவில்லை, வீடு மாறவில்லை. ஆகவே பணம் தீர்ந்ததும் பலர் பழைய வேலைக்கே திரும்பினார்கள். உண்மையாக மாறிய இடங்களில் மாற்றியவர்கள் அந்தத் தொழிலாளர்களே. கோலார் தங்கவயலில் இதே வேலை செய்த குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன் கட்டிய இயக்கத்தில் பெண்கள் தாங்கள் சுமந்த மலக் கூடைகளை நடுத்தெருவில் போட்டு எரித்தார்கள். 2016இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. எனக்கு விருதை விட அந்தக் கூடைகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

30 இலட்சம் என்பது பெரிய தொகைதான். ஆனால் அது ஆள் இறந்த பிறகு வருகிற தொகை. அப்பா உயிரோடு இருக்கும்போது என்ன செய்யலாம் என்பதே நம் கேள்வியாக இருக்கட்டும்.

இலங்கையில் இந்த வேலைக்கென்று தனிச் சட்டம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று நான் பல வருடங்களாகச் சொல்லிவருகிறேன். கொழும்பில் வாளிக் கக்கூஸ் காலம் முடிந்துவிட்டது, ஆகவே பிரச்சினையும் முடிந்துவிட்டது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். வாளி போனது, குழிக்குள் இறங்குகிற ஆள் மாறவில்லை, அவருடைய சாதியும் மாறவில்லை. இருப்பதைக் கொண்டு போராட வேண்டும். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையில் சாதி என்ற சொல் தெளிவாக இருக்கிறது. சாதியைக் காரணமாகக் கொண்டு எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது. உள்ளூராட்சி மன்றம் என்பது அரசின் கை. அது அந்த உறுப்புரையை மீறினால் 126ஆம் உறுப்புரையின் கீழ் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டு அழுதுகொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்! அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை அங்கே நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆகவே ஓவர்சியர் மறுபடியும் ‘மகனைப் போடு’ என்று சொல்கிற அன்றே தேதியையும் நேரத்தையும் பக்கத்தில் நின்றவர்களின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

இப்போது தம்பி.

அப்பா சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள். நிரந்தரச் சம்பளம், ஓய்வூதியம், தலைக்கு மேல் ஒரு கூரை. அவர் வளர்ந்த காலத்தில் இந்த மூன்றுக்கும் வேறு வாசல் திறந்திருக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து அருந்ததியர் குடும்பங்களை இந்த வேலைக்கென்றே அழைத்துவந்தார்கள். கொழும்பிலும் கண்டி மஹியாவையிலும் லயன் கட்டிக் குடியேற்றினார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியபோது, வேறு அரச வேலையை நினைத்துப் பார்க்கவும் வழி இல்லாமல் போயிற்று. மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை தருகிற சட்டம் வர 2003 ஆயிற்று. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அது தெரிவு அல்ல. அப்பா உங்கள் தம்பிக்குத் தர நினைப்பது, தன்னிடம் இருக்கிற ஒரே பாதுகாப்பை.

ஆனாலும் என் பதில்: தம்பி இந்த வேலையை எடுக்க வேண்டாம்.

என்னிடம் ஒரு கோப்பு இருக்கிறது. ஒரே குடும்பத்தின் மூன்று நியமனக் கடிதங்கள், பாட்டன், மகன், பேரன். மூன்றிலும் ஒரே அறை இலக்கம். மகனும் பேரனும் ‘அறை போகாமலிருக்கக் கொஞ்ச நாளைக்கு’ என்று நினைத்தே சேர்ந்தவர்கள். பேரன் என் முன்னால் உட்கார்ந்து, தன் மகனை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டபோது அவருக்கு 41 வயது. அந்தக் கடிதங்களை நான் பார்க்கும் ஒவ்வொரு முறையும், இந்த வேலை கைமாறுவது இரத்தத்தால் அல்ல, அந்த அறையின் சாவியால் என்றே தோன்றுகிறது. தகப்பனின் வேலையை மகன் எடுத்தே ஆக வேண்டும் என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. உள்ளூராட்சி மன்றத்தின் ஆட்சேர்ப்புக்கு விண்ணப்பமும் நேர்முகப் பரீட்சையும் இருக்கின்றன. ஓவர்சியருக்கு ஆள் தெரிவு செய்யும் அதிகாரமும் கிடையாது, அறையைப் பறிக்கும் அதிகாரமும் கிடையாது. அவர் தன் மகனிடம் இதைக் கேட்டிருப்பாரா?

நகரத்தைச் சுத்தம் செய்வது இழிவு என்று நான் சொல்லவில்லை. அது நின்றால் கொழும்பு ஒரு வாரம் தாங்காது. இயந்திரமும் பாதுகாப்பும் நல்ல சம்பளமும் வந்து, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கிற நாளில் உங்கள் தம்பியும் விரும்பினால் விண்ணப்பிக்கட்டும். இன்றைக்கு அந்த வேலை அவனிடம் வருவது அவன் பிறந்த அறையின் பெயரால். பெயர்ப் பலகைகள் மாறிக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் ‘தூய்மைப் பணியாளர்’ என்கிறார்கள், இங்கே ‘சுகாதாரத் தொழிலாளி’ என்கிறார்கள். பலகை மாறினாலும் குழிக்குள் இறங்குவது அதே வீட்டுப் பிள்ளைதான் என்றால் எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை.

அவன் என்ன செய்யலாம்? மருதானை தொழில்நுட்பக் கல்லூரி உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குழாய் வேலை, மின்சாரம், குளிரூட்டி போன்ற பயிற்சிகளில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமையின் நான்காம் நிலைச் சான்றிதழ் எடுத்தால் நாட்டிலும் வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. சபையிலேயே வேலை வேண்டுமென்றால் சாரதி, இயந்திர இயக்குநர், எழுதுவினைஞர் பதவிகள் இருக்கின்றன, அவற்றுக்கு விண்ணப்பிக்கட்டும். உயர் தரம் சித்தியடைந்தவனைக் கூட்டுமாறைத் தவிர வேறெதற்கும் அழைக்கவில்லை என்றால், அதுவே 12(2)க்கு நல்ல சாட்சியம். எல்லாவற்றுக்கும் முன் அவனிடம் கேளுங்கள், அப்பா இல்லாத நேரத்தில், முகத்துவாரம் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய். வாய் திறக்காத பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டுக்காகத் தங்களை விட்டுக்கொடுக்க ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்கள்.

அறைக்கு வருகிறேன். வாயால் சொன்னது வெளியேற்றக் கட்டளை ஆகாது. எழுத்தில் அறிவித்தல் வர வேண்டும், சட்டத்தில் சொன்ன முறைப்படி நடக்க வேண்டும். அறிவித்தல் வந்தால் அதே வாரம் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு வாருங்கள். புதுக்கடையில் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை. ‘அறையை ஒப்படைக்கிறேன்’ என்றோ ‘மகனுக்கு வேலை தாருங்கள்’ என்றோ சிங்களத்தில் அடித்த தாள் எதிலும் அப்பா கைநாட்டு வைக்கக் கூடாது. கொழும்பில் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து மக்களை மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றியபோது, எத்தனை வருடம் இருந்தோம் என்று காகிதத்தில் காட்ட முடிந்தவர்களின் கை ஓங்கியதைப் பார்த்திருக்கிறேன். மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்பு, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், உங்கள் பாடசாலை அனுமதி அட்டை. 33 வருடங்களின் காகிதத்தையும் ஒரு உறையில் போடுங்கள். ஓய்வு பெறும் தொழிலாளிக்கு வேறு வீடு தராமல் அறையை எடுக்கக் கூடாது என்பதை லயனில் உள்ள எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து கேட்க வேண்டும். மறுவாழ்வு என்று எதையாவது சொல்வதானால், வேலையிலிருந்து வீட்டைப் பிரித்துத் தருவதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இங்கேதான் உங்கள் முகவரிக் கேள்வியும் வந்து சேர்கிறது. பிழையா என்று கேட்டீர்கள். இல்லை, தங்கச்சி. அந்தத் தோட்டத்தின் பெயரைக் கேட்டவுடன் நேர்முகப் பரீட்சையில் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் முகம் மாற்றியவர்கள். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், ஒருவரின் சாதியைக் காரணமாக்கி வேலையில் சேர விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. 12(2) அரசை மட்டும் கட்டுப்படுத்தும். இந்தச் சட்டம் தனியாரையும் தொடும். ஆனால் முகம் மாறியதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம் என்பதையும் மறைக்கமாட்டேன். கடைக்குப் பெரியம்மா வீட்டைத் தபால் முகவரியாகக் கொடுத்ததில் தவறில்லை. அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பு, வங்கி, சேமலாப நிதி ஆகியவற்றில் மட்டும் உங்கள் அறையின் முகவரியே இருக்கட்டும். அவற்றிலும் மாற்றிவிட்டால், நாளைக்கு அந்த அறையில் நீங்கள் வாழ்ந்ததற்குச் சான்று இல்லாமல் போகும். மறைத்த முகவரியே உங்கள் வீட்டைப் பறிக்க உதவிவிடக் கூடாது.

அம்மாவின் விடயம் எளிது, ஆனால் தாமதிக்காதீர்கள். மனிதவலு நிறுவனம், அமய வேலை, ஒப்பந்தம் என்று எந்தப் பெயரில் வைத்திருந்தாலும் சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். சம்பளத்தில் 8 வீதம் அம்மாவுடையது, 12 வீதம் முதலாளியுடையது. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம் தனியாகக் கட்ட வேண்டும், அதை அம்மாவின் சம்பளத்தில் வெட்ட முடியாது. ஐந்து வருடம் கடந்துவிட்டதால், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனம் என்றால், வேலையை விடும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு. ஒன்பது வருடத்தில் இது சிறிய தொகை அல்ல. தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவும் முடியும். தலைமையகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. அம்மாவோடு கூட்டுகிற மற்றப் பெண்களையும் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் கட்டியிருக்கமாட்டார்கள்.

வருகிற வாரம் ஒரு நாள் கடையில் அரை நாள் விடுமுறை கேட்டுக்கொண்டு புதுக்கடைக்கு வாருங்கள். அம்மாவின் சம்பளச் சிட்டைகள், அப்பாவின் நியமனக் கடிதம், அறைக்கு வாடகை கழித்த பழைய சிட்டைகள், மின்சாரப் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். தாத்தாவின் காகிதம் ஏதாவது பெட்டிக்குள் இருந்தால் அதையும். அப்பாவையும் அழைத்து வாருங்கள். காலையில் வந்தால் நல்லது, அவர் தெளிவாக இருப்பார். எந்தெந்த வீதியில், எந்தெந்தக் குழியில் இறங்கினார் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன்.